வாங்க நல்ல நாள்

என் அட்டைக்கு இரண்டாம் தேதி கணக்கு மூடும்,
பத்தாம் தேதி பணம் கேட்கும்.
இரண்டாம் தேதி வாங்கினால் எட்டே நாள்.
மூன்றாம் தேதி வாங்கினால்
அடுத்த மாதத்துப் பத்து வரை
காசு வாடகை இல்லாமல்
ஊரார் பணம் என் வீட்டில் தங்கும்.
ஒரே கடை, ஒரே சாமான்,
ஒரு ராத்திரிதான் வித்தியாசம்.
கொன்தாஜெமில் என்னிடம் நகம் பூச வருகிறவர்களுக்கெல்லாம்
இந்த நல்ல நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.
தேதி கேட்கவென்றே வருகிறவர்களும் உண்டு.
அவர்களுக்குப் பூச்சு கிடையாது, காப்பி உண்டு.

மாடிவீட்டு வால்தெசிர்
துணி துவைக்கும் இயந்திரத்துக்கு என் அட்டையைக் கேட்டபோது
முதலில் தேதியைத்தான் பார்த்தேன்.
மூன்று. நல்ல நாள்.
ஆளைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
பார்த்தேன். நல்ல ஆள்.

கடையில் அவர் அதன் வட்டக் கதவைத்
திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் ரகசிய எண்ணை அழுத்தினேன்.
இரண்டாயிரம் ரியால், பத்துத் தவணை, வட்டி இல்லை.
மாதம் இருநூறுதான் போகும் என்றிருந்தேன்.
என் வரம்பிலிருந்து அன்றைக்கே
இரண்டாயிரமும் எழுந்து போய்விட்டது,
தவணை கட்டக் கட்டத்தான் திரும்பி வருமாம்.
இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.
எனக்கே தெரியாது.

ஆறு மாதம், எட்டாம் தேதி மாலையானால்
படியிறங்கி வந்து எண்ணிக் கொடுத்தார்.
ஏழாவது மாதம்
டயர் ஆலையில் இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்கள்.
எட்டாம் தேதி படியில் செருப்புச் சத்தம்
பாதிவரை வந்தது,
நின்றது,
மேலேறிப் போனது.

அந்த மாத பில் ஐநூற்று நாற்பது.
அதன் கீழே சின்ன எழுத்தில், பரிவாக:
குறைந்தபட்சம் எண்பத்தொன்று கட்டினால் போதும்.
கட்டினேன். நன்றாகத் தூங்கினேன்.
அந்தத் தூக்கத்தின் விலை மாதம் பதினைந்து சதவீதம்.
மீதி நானூற்று ஐம்பத்தொன்பது
அடுத்த பில்லில்
ஐநூற்று இருபத்தெட்டாக எழுந்து நின்றது.
வட்டி குட்டி போடும் என்பார்கள்,
தீனி யார் போடுவது என்று சொல்வதில்லை.

வங்கிக்கு போன் செய்தேன்.
எடிலூசா என்று ஒரு பெண் எடுத்தாள்.
இயந்திரம் மேலே ஓடுகிறது அம்மா, நான் கீழே இருக்கிறேன் என்றேன்.
"அட்டையில் பெயர் உங்களுடையதுதானே?"
கோபமே இல்லாத குரல்.
எல்லா நிபந்தனைகளும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

நகம் உலர்த்தும் இரண்டாவது விளக்கை விற்றேன்,
பில்லை முழுசாகக் கட்டினேன்,
மிச்சத் தவணைகளையும் நானே கட்டினேன்.
ராத்திரி மேலே அது சுற்றும்போது
என் மேசையில் பூச்சுக் குப்பிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
என் பெயரை உள்ளே போட்டுப் பிழிகிறார்
என்று தோன்றும்.

ஒரு திங்கட்கிழமை அவர் இறங்கி வந்தார்,
வெறுங்கையோடு.
கடைத் துவாலைகளைக் கொடுங்கள் என்றார்,
துவைத்துத் தருகிறேன்.
வெளியில் ஒரு மூட்டைக்குப் பதினெட்டு ரியால்.
அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன்:
நான்கு தவணை எண்ணூறு,
வட்டி அறுபத்தொன்பது.
வட்டியையும் சேர்த்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.
நாற்பத்தெட்டு திங்கட்கிழமை.
மிஞ்சிய ஐந்து ரியாலை விட்டுவிட்டேன்.

நேற்று நாத்தனார் ரோசிமெய்ரே வந்தாள்,
புதுக் கைப்பேசிக்கு அட்டை வேண்டுமாம்.
தேதி பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.
நான் குறித்துக் கொடுத்த தேதி.
காப்பி கொடுத்தேன்.
அவளுடைய அட்டைக்கு எந்த நாள் கணக்கு மூடும் என்று
வங்கியில் கேட்கச் சொன்னேன்.
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்று பதினேழாவது திங்கள்.
மடித்த துவாலைகள் படியில் இருக்கின்றன.
அடியில் இருப்பது இன்னும் ஈரம்.
வங்கி இதை வாங்கிக்கொள்ளாது.
கொடியில் போட்டுவிட்டு
நாட்காட்டியில் ஒரு கோடு கிழித்தேன்.